ஏசுற மிஸ்ஸியின் வகுப்பு

எங்கள் கிளினிக்குக்கு வந்த இனிப்பு நீர்க்காரர்கள், அதாவது சர்க்கரை நோயாளிகள், மாதத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுவார்கள். கிளினிக் தேதிக்கு முந்திய இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் தேத்தண்ணியில் இனிப்புச் சுசுப் பால் கிடையாது, ரொட்டி சானாய் கிடையாது. பாகற்காயைப் பிழிந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். மூன்றாம் நாள் காலையில் வெறும் வயிற்றோடு வந்து விரலை நீட்டுவார்கள். சர்க்கரை அளவு அழகாக இருக்கும். நான் பெருமையோடு தலையாட்டி அனுப்பி வைப்பேன். அவர்கள் நேராக எதிர்க்கடைக்குப் போய் மீ கோரெங் நூடுல்ஸ் கேட்பார்கள்.

இது எனக்குப் பல வருஷம் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் என் வாய்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் தீவுக் கரை நகரமான ஜார்ஜ்டவுனில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் ஸ்டாஃப் நர்ஸ். இங்கே நர்ஸை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். கிளினிக்கில் நாங்கள் நான்கு மிஸ்ஸிகள் இருந்ததால் அடையாளத்துக்கு ஆளுக்கொரு பெயர் உண்டு. உயரமான மிஸ்ஸி, மலாய்க்கார மிஸ்ஸி, சிரிக்கிற மிஸ்ஸி, ஏசுற மிஸ்ஸி. ஏசுற மிஸ்ஸி நான். அந்தப் பெயர் என் காதில் விழுந்தபோது எனக்கு வருத்தமே வரவில்லை. பட்டம் வாங்கியதைப் போல நிமிர்ந்து நடந்தேன். என் அப்பா அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். எங்கள் வீட்டில் பாசத்தைக்கூட ஏச்சாகத்தான் பரிமாறுவார்கள். நான் ஏசுகிறேன் என்றால் அக்கறை இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதை எல்லாரும் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

"சாகணும்னா வீட்லயே சாகலாம்லா. எதுக்கு ஃபெரி ஏறி இங்க வர்றீங்க?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டிருக்கிறேன். "நாக்கை அடக்க முடியாதவங்களுக்கு மருந்து எதுக்கு?" என்று ஓர் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் அழுதார். மறுமாதம் அவருடைய சர்க்கரை அளவு நன்றாக இருந்தது. அழுதாலும் திருந்தினார் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

பிறகு எங்கள் கிளினிக்குக்கு ஒரு லேடி டாக்டர் வந்தார். வெளிநாட்டில் மேல்படிப்பு முடித்துத் திரும்பியவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், கண்ணாடி போட்டவர், குரல் இரண்டு அடிக்கு மேல் கேட்காது. அவர் வந்ததும் கடந்த மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனையை எங்கள் நோயாளிகளுக்கு எழுதத் தொடங்கினார். இரண்டு நாள் பட்டினி அதனிடம் பலிக்காது. முதல் தொகுதி முடிவுகள் வந்த அன்று அவர் தாள்களை என் மேசையில் பரப்பினார். என் நோயாளிகள், நான் ஏசி ஏசித் திருத்தியவர்கள் என்று நினைத்தவர்கள், அத்தனை பேருக்கும் அளவு எகிறிப்போயிருந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்களுக்குப் பயந்து ரெண்டு நாள் பட்டினி கெடக்குறாங்க மிஸ்ஸி. அவங்களுக்கு உங்கமேல மரியாதை இருக்கு. அத வச்சு நாம வேற மாதிரி செஞ்சு பாக்கலாம்" என்றார்.

அவர் குத்திக்காட்டாமல் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமைப் பிற்பகல்களில், நோயாளிகள் போன பிறகு, எக்ஸ்ரே அறைக்குப் பின்னாலிருந்த சிறிய அறையில் அவர் வகுப்பு எடுத்தார். அதற்குப் பெயர் மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங். யாருக்கு வேலை கொடுக்கப்போகிறீர்கள் என்று சிரிக்கிற மிஸ்ஸி கேட்டார். டாக்டர் சொன்னதன் சாரம் எளிதுதான். நோயாளிக்கு நாம் காரணம் சொல்லக்கூடாது. அவரிடமே காரணம் இருக்கிறது. அதை அவர் வாயால் சொல்லவைக்க வேண்டும். கேட்க வேண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகு மறுபடியும் கேட்க வேண்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷமாக ஆயிரம் பேரைப் பார்த்தவளுக்குப் பேசச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டார் என்று மனத்துக்குள் பொருமினேன்.

மூன்றாவது வாரம் அவர் ஒரு கேசட் ரெக்கார்டரோடு வந்தார். நோயாளியின் சம்மதத்தோடு ஒரு பேச்சைப் பதிவு செய்து வரச் சொன்னார். நான் தைரியமாகவே பதிவு செய்தேன். என் பேச்சைக் கேட்டு அவர் நாலு விஷயம் கற்றுக்கொள்ளட்டும் என்பது என் எண்ணம்.

அந்தக் கேசட்டை அவர் வகுப்பில் போடவில்லை. என்னிடமே கொடுத்து, "வீட்ல தனியா கேளுங்க. அவரு எவ்ளோ நேரம் பேசுறாருன்னு மட்டும் பாருங்க" என்றார். சனிக்கிழமை மத்தியானம் சமையல்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன். பத்து நிமிடப் பேச்சில் அந்த மனிதர் வாய் திறந்தது மொத்தம் ஐந்து தடவை. அதில் நான்கு "ஆமா மிஸ்ஸி". ஒன்று "சரி". மிச்சம் எல்லாம் நான்தான். நானே கேள்வி கேட்டு, நானே பதில் சொல்லி, அந்தப் பதிலுக்கு நானே ஏசியிருந்தேன். என் கணவர் வாசற்படியில் நின்று கேட்டுவிட்டு, "இது நம்ம வீட்ல தினமும் ஓடுற கேசட்தானே" என்று சொல்லிவிட்டுப் போனார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தின்மேல் பழி போட எனக்கு இஷ்டமில்லை, வெட்கத்தில்தான் அழுதேன்.

அந்தக் கேசட்டில் "ஆமா மிஸ்ஸி" சொன்னவரைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும். அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி வருகிறவர். ஐம்பது வயது இருக்கும். பட்டர்வொர்த்திலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போகும் சின்ன லோரியின் டிரைவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஆறு வருஷமாக என்னிடம் வந்துகொண்டிருந்தார். இடது காலில் இரண்டு விரல்களை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. பாதத்தின் அடியில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. மாத்திரை இனிப் போதாது, இன்சுலின் ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று அறுவை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவரோ ஊசி என்றாலே பிடி கொடுக்காமல் நழுவினார். "ஊசிக்குப் பயந்த பெரிய மனுஷன்" என்று நான் வரிசையில் எல்லாரும் கேட்க அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

டாக்டர் எங்களுக்கு ஒரு கேள்வி கற்றுக்கொடுத்திருந்தார். "ஊசி போடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள்." நோயாளி நான்கு என்றால், "ஏன் இரண்டு சொல்லவில்லை?" என்று கேட்க வேண்டும். தனக்கு அது ஏன் முக்கியம் என்று அவரே சொல்லத் தொடங்குவார். நான் அந்த அண்ணனிடம் என்னால் முடிந்த அளவு மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு முறைகூட ஏசாமல் கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "பத்து மிஸ்ஸி" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுலபமா? மறுநாளே டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அடுத்த வாரம் அவர் வந்து ஊசி போடப் பழகிக்கொள்வதாகப் பேச்சு. அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து நொண்டிக்கொண்டு வந்தார். புண் பெரிதாகி, கட்டுத்துணியைப் பிரித்ததும் அறை முழுக்க வாடை அடித்தது. அறுவை மருத்துவர் பார்த்துவிட்டு, ஆறு வாரம் பார்ப்போம், சர்க்கரை இறங்காவிட்டால் காலை எடுக்கத் தேதி குறிப்பேன் என்றார்.

அவரை என் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு கேட்டேன்.

"அண்ணே, அன்னிக்குப் பத்துன்னு சொன்னீங்களே?"

"ஆமா மிஸ்ஸி. நீங்க அவ்ளோ பொறுமையா பேசினீங்க. ஆறு வருஷத்துல அதான் மொத தடவ. உங்களுக்குப் பத்துக்குக் கொறச்சுக் குடுக்க எனக்கு மனசு வருமா?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவர் எனக்கு மார்க் போட்டிருக்கிறார்.

சந்தேகம் வந்து அன்றைக்கே மற்றவர்களையும் விசாரித்தேன். எல்லாரும் அப்படித்தான். மிஸ்ஸி எண் கேட்டால் அது மிஸ்ஸியின் பேச்சுக்கு மார்க், மரியாதைக்குப் பத்துதான் கொடுக்க வேண்டும். நான் அழவைத்த அந்த அம்மா, "ஒம்போது குடுத்தா மேலிடத்துல உங்களுக்கு ஏதாவது கரைச்சல் வருமோன்னு பயந்துட்டேன் மிஸ்ஸி" என்றார். அழவைத்தவளுடைய வேலை போகக்கூடாது என்று கவலைப்பட்டவர் அவர். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, பிடித்துக்கொண்டேன்.

டாக்டரிடம் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். பிறகு, "நான் படிச்ச ஊர்ல இது சரியா வந்துச்சு. இங்க உள்ளவங்கள எனக்கு உங்க அளவு தெரியாது. கேள்விய நீங்களே மாத்துங்க மிஸ்ஸி" என்றார். படித்த டாக்டர் ஒருவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்குத்தான் நான் அவருடைய கட்சியில் சேர்ந்தேன்.

மூன்று நாள் யோசித்தேன். மார்க் போடவே முடியாத ஒரு கேள்வி வேண்டும். எங்கள் நோயாளிகளில் பாதிப் பேர் அக்கரையிலிருந்து ஃபெரியில் வருகிறவர்கள். மீதிப் பேரும் ஃபெரி ஏறாதவர்கள் இல்லை. ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், காத்திருப்பது, ஏறுவது, நடுக்கடல், இறங்குவது என்று எல்லாருக்கும் மனப்பாடம். எவ்வளவு முக்கியம் என்று கேட்காமல், ஃபெரிப் பயணத்தில் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்டால் என்ன? யாரும் யாருக்கும் மரியாதைக்காக நடுக்கடலில் நிற்க மாட்டார்கள்.

மறுவாரம் அந்த அண்ணன் கட்டு மாற்ற வந்தார். அனுமதி கேட்டு ரெக்கார்டரைத் தட்டிவிட்டேன். ஊசி போடத் தொடங்குவதுதான் இந்தக் கரை, தீவு. கிளம்பாமல் இருப்பது அந்தக் கரை. "இப்ப நீங்க எங்க நிக்கிறீங்கண்ணே?" என்று கேட்டேன்.

இந்தத் தடவை அவர் யோசித்தார். தாடையைத் தடவினார்.

"ஃபெரியில இல்ல மிஸ்ஸி. ஜெட்டியில கூட இல்ல. வீட்டு வாசல்ல சிலிப்பர மாட்டிகிட்டு நிக்கிறேன்."

காலே போகப்போகிறது, இந்த மனிதர் இன்னும் வாசலிலேயே நிற்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் ஒன்று கவனித்தேன். ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"சிலிப்பர மாட்டியாச்சு. சும்மா உள்ளயே உக்காந்திருக்கலாம்ல? எதுக்கு மாட்டினீங்க?"

அவர் பேசவில்லை. அந்தக் கேசட்டை இப்போது போட்டாலும் அந்த இடத்தில் மேலே சுற்றும் காற்றாடியின் சத்தம் மட்டும் கேட்கும். பழைய நான் அந்த இடைவெளியில் மூன்று புத்திமதி சொல்லியிருப்பேன். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இந்தக் கால்லதான் கிளட்சு மிஸ்ஸி" என்றார் கடைசியில். "வலது கால் போனாலும் பாத்துக்கலாம்னு சொல்லல. ஆனா இது போச்சுன்னா லோரி இல்ல. லோரி இல்லன்னா நான் யாரு, சொல்லுங்க. இருபத்தாறு வருஷமா ஓட்டுறேன்."

"லோரிதான் உங்களுக்கு எல்லாம்."

"ஆமா மிஸ்ஸி. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"அப்ப வாசல தாண்ட விடாம எது புடிச்சு வைக்குது?"

அவர் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"முன்ன என்கூட லோரியில ஒருத்தன் ஓடினான். அவன் பையில ஊசி இருந்துச்சு. எனக்குத் தெரியாது மிஸ்ஸி, சத்தியமா. ரோட்பிளாக்ல போலீஸ்காரன் எடுத்துட்டான். அவன் நெசமாவே போதை ஆளுதான். ஆனா என்னையும் சேத்து எறக்குனாங்க. சட்டைய கழட்டச் சொல்லி, நடு ரோட்ல நிக்கவச்சு, கைய திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. ஊசி குத்துன அடையாளம் இருக்கான்னு. அப்ப என் மகளோட ஸ்கூல் பஸ் அந்த வழியா போச்சு. ஜன்னல்ல எல்லாப் புள்ளைங்களும் பாத்துச்சுங்க."

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"உட்டுட்டாங்க, ஒண்ணும் இல்லன்னு. ஆனா பாகான் டாலாம்ல வாய மூட முடியுமா? ரொம்ப நாள் பேசினாங்க. இப்ப நான் ஊசி வாங்கி லோரியில வச்சுகிட்டு, வயித்துல குத்திகிட்டு, அடையாளத்தோட ரோட்பிளாக்ல நின்னா? இந்தத் தடவ யாரு நம்புவா? என் மக நம்புமா?"

ஊசிக்குப் பயந்த பெரிய மனுஷன். நான் சொன்ன அந்த வார்த்தை என் காதிலேயே கேட்டது. குத்துகிற வலிக்கு அவர் எப்போதுமே பயந்ததில்லை. ஆறு வருஷமாக வாய் கிழியப் பேசினேன், ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். ஆனால் அது என் பாரத்தை இறக்கிவைக்கிற வேலை. அது பிறகு இருக்கட்டும் என்று, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி, கேட்டதைத் திருப்பிச் சொன்னேன்.

"கால் வேணும், லோரி வேணும். ஆனா கையில ஊசியோட நின்னு மறுபடி அசிங்கப்படக்கூடாது. மகளுக்கு முன்னால தலை குனியக்கூடாது. நான் சரியா புரிஞ்சுகிட்டேனாண்ணே?"

"அதேதான் மிஸ்ஸி." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் கேட்காமலே, "ராத்திரி படுக்கப் போறப்ப மட்டும் போட்டா ஆகுமா? வீட்டு ஐஸ்பெட்டியிலயே வச்சு? லோரியில ஒண்ணும் இருக்காதுல்ல?" என்றார்.

டாக்டர் எழுதித் தர நினைத்திருந்ததும் அதுவேதான், இரவில் ஒரு ஊசி, பகலில் மாத்திரை. நாங்கள் அதைச் சொல்வதற்கு முன்பே ஊசி என்ற சொல்லைக் கேட்டு அவர் எழுந்து போயிருந்தார். "நான் அப்பவே சொல்ல வந்தேன்" என்று சொல்லத் துடித்தேன். சொல்லவில்லை. "ஆகும்னு நெனக்கிறேன். டாக்டர்கிட்ட சேந்தே போய்க் கேப்போம்" என்றேன்.

"ஒரு கடிதம் எழுதி, கிளினிக் சாப் முத்திரை அடிச்சுக் குடுப்பீங்களா மிஸ்ஸி? இனிப்பு நீருக்கு மருந்து எடுக்குறவன்னு? சட்டைப் பையில வச்சுக்குறேன்."

"இப்பவே அடிக்கலாம்."

"அப்ப நான் ஜெட்டிக்கு வந்துட்டேன்" என்றார்.

அந்தப் பேச்சு முழுவதும் பதினோரு நிமிடம். இரண்டு நாள் கழித்து மனைவியோடு வந்தார், ஊசி போடப் பழகினார். பழகும்போது அவர் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. லோரி ஓட்டும்போது சர்க்கரை இறங்கிப்போனால் எப்படித் தெரியும், என்ன செய்ய வேண்டும் என்று அவரே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். முதல் மாதம் புண் அப்படியே இருந்தது. ஆறாவது வாரம் ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் தெரிந்தது. நான்காவது மாதம் மூடிவிட்டது. அறுவை மருத்துவர் தேதி குறிக்கவே இல்லை. அன்றைக்குத்தான் அந்தக் கேலிக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க மிஸ்ஸி, நானும் உங்களுக்கு என்னென்னமோ பேரு வச்சிருக்கேன்" என்று சிரித்தார். அது என்ன பேர் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

ஃபெரிக் கேள்வி கிளினிக் முழுக்கப் பரவியது. மலாய்க்கார மிஸ்ஸி அதை மலாயில் கேட்டார், உயரமான மிஸ்ஸி சீனர்களிடம் ஹொக்கியனில் கேட்டார். யாரும் யாருக்கும் மார்க் போடவில்லை. "நடுக்கடல்ல எஞ்சின் நின்னு போச்சு மிஸ்ஸி" என்று சிகரெட்டை விட முயன்ற ஒருவர் சொன்னார். "இந்தக் கரைக்கு வந்துட்டேன், ஆனா பயத்துல எறங்காம திரும்பிப் போயிட்டேன்" என்று ஒரு பாட்டி சொன்னார். எந்த எண்ணில் இதையெல்லாம் எழுத முடியும்? டாக்டர் என்னை அந்தப் புதன்கிழமை வகுப்புகளை நடத்தச் சொன்னார். அவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். எனக்குத் தலைக்கனம் ஏறியது என்று என் கணவர் சொன்னார். ஏறத்தான் செய்தது. நான் மறைக்கப் போவதில்லை.

அடுத்த வருஷம் தீவிலும் அக்கரையிலும் இருந்த மற்றக் கிளினிக்குகளின் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஒரு நாள் பயிற்சி ஏற்பாடானது. கெலுகோரில் ஒரு மண்டபம். நாற்பது பேர் வந்தார்கள். காலைப் பகுதி முழுவதும் என்னுடையது. சேலை கட்டுவதா யூனிஃபார்ம் போடுவதா என்று குழம்பி, கடைசியில் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த யூனிஃபார்மிலேயே போனேன். அந்த அண்ணனிடம் அவருடைய கேசட்டைப் போடலாமா என்று முன்பே கேட்டிருந்தேன். ரோட்பிளாக் பகுதி கிடையாது, அதற்கு முந்தியும் பிந்தியும் மட்டும் என்று சொல்லியிருந்தேன். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, போடலாம், ஆனால் நானும் வந்து உட்கார்ந்து கேட்பேன் என்றார். சொன்னபடி லோரியை வெளியில் நிறுத்திவிட்டு, சவரம் செய்த முகமும் மடிப்புக் கலையாத சட்டையுமாகப் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

நான் முதலில் போட்டது என் பழைய கேசட்டை. பத்து நிமிடத்தில் அவர் வாய் திறந்தது ஐந்து தடவை. டாக்டர் வேண்டாம் என்றுதான் சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. என் குரல் அந்த மண்டபத்தில் கத்தியது. முதலில் சிரித்தார்கள், போகப்போகச் சிரிப்பு நின்றது. முன்வரிசை நர்ஸ்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் குரல் அவர்கள் கிளினிக்கிலும் இருந்தது என்று எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை. அதை நாற்பது பேருக்கு முன்னால் போடும் துணிச்சல் எனக்கு இருந்தது என்று இப்போதும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். பிறகு, இந்தப் பேச்சு மொத்தம் பதினோரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, இரண்டாவது கேசட்டைப் போட்டேன். காற்றாடிச் சத்தம் கேட்கும் இடத்தில் யாரும் இருமக்கூட இல்லை.

முடிந்ததும் ஒரு மூத்த டாக்டர் எழுந்தார். நரைத்த தலை, கனத்த குரல், அந்த மண்டபத்தில் பாதிப் பேர் அவரிடம் வேலை கற்றவர்கள். அவர் பேசியது மலாயில். நான் தமிழில் எழுதுகிறேன்.

"நல்ல கதை. ஆனால் காலையில் எழுபது பேரைப் பார்க்கிறோம். ஆளுக்குப் பதினோரு நிமிடம் எங்கே இருக்கிறது? கால் போய்விடும் என்று நேராகச் சொன்னால் முடிந்தது. இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா?"

நாற்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆறு வருஷம் நான் ஏசின நேரத்தைக் கூட்டிப் பாருங்கள் டாக்டர் என்று சொல்லப் போனேன். அதற்குள் பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்த அண்ணன் எழுந்து நின்றார். அவரும் மலாயில்தான் பேசினார், பாகான் டாலாம் லோரிக்காரரின் மலாய்.

"டாக்டர், அந்தக் கேசட்டில் பேசுகிறவன் நான்தான். கால் போய்விடும் என்று இந்த மிஸ்ஸி எனக்கு ஆறு வருஷம் நேராகத்தான் சொன்னார். அது எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். மிஸ்ஸிக்குத் தெரிந்ததெல்லாம் எனக்குத் தெரியும் டாக்டர். எனக்குத் தெரிந்ததுதான் மிஸ்ஸிக்குத் தெரியாது."

அவர் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார். இடது கால், வலது கால் இரண்டிலும் சமமாக.

மூத்த டாக்டர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாக இருக்கைகளுக்கு நடுவே நடந்து பின்வரிசைக்குப் போனார். ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தெரிந்தது என்ன? சொல்லுங்கள், கேட்கிறேன்" என்றார்.

அண்ணன் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு, கேசட்டில் போட வேண்டாம் என்று நாங்கள் விட்டுவைத்திருந்த ரோட்பிளாக்கிலிருந்து, அவரே தொடங்கினார். மகளின் ஸ்கூல் பஸ் வரை சொன்னார். டாக்டர் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. வெளியில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது, கடிகாரம் பன்னிரண்டரையைத் தாண்டியது. நான் மேடையோரம் நின்று ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வேலைக் காலத்தில் நான் எடுத்த வகுப்புகளிலேயே நல்ல வகுப்பு அதுதான்.